ஆறு விநாடிக்குள் வைத்துவிடவும்

எங்கள் மின்சாரக் கம்பெனி ஒரு நாள் திடீரென்று மக்களைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தது. ஒழுங்காக மின்சாரம் கொடுப்பது என்றுகூட முடிவு செய்திருக்கலாம். ஆனால் அதற்குக் கம்பி, கம்பம், ஆள் எல்லாம் வேண்டும். காப்பாற்றுவதற்கு ஒரு மண்டபமும் ஒலிபெருக்கியும் போதும். நானும் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளன்தான். இதை எழுதி முடிக்கும்வரை விளக்கு எரிய வேண்டுமே என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

கம்பெனி காப்பாற்றியவர்களில் ஒருவர், என் எதிர்வீட்டில் தனியாக இருக்கும் ஆபரேட்டரம்மா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, வந்த அழைப்பையெல்லாம் வார்டு வார்டாக இணைத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. ஒரே மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அந்தக் கப்பலில் இருப்பது ஒரே ஒரு பழைய போன். இருபத்திரண்டு பேர் வரிசையில் நின்று பேச வேண்டும், தலைக்கு நான்கு நிமிடம். தன் முறை எப்போது வருமென்று அவனுக்கே தெரியாது. மாதம் ஒரு தடவை கூப்பிட்டால் உண்டு. திரையில் பதினான்கு இலக்கத்தில் ஏதோ ஓர் எண் வரும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. எடுத்தால் முதலில் ஏழு விநாடி ஒன்றுமே கேட்காது. குரல் வானத்துக்கு ஏறி இறங்க அவ்வளவு நேரம் பிடிக்குமாம். அதற்குப் பிறகுதான் "அம்மா" என்று வரும். அந்த நான்கு நிமிடத்துக்காக ஆபரேட்டரம்மா குளியலறைக்குக்கூட போனைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தானாக முதலில் போனை வைக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எடுத்தும் யாரும் பேசாத அழைப்பு ஒன்றை அவர் துண்டித்துவிட்டார். மறுநாள் ஒரு மனிதர் நேரில் வந்து, நேற்று நாலரை மணிக்கு போனை வைத்தது யார் என்று கேட்டார். சண்டைக்கு வரவில்லை. மனைவி எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டாராம், கேட்க வாய் எழவில்லையாம், அதற்குள் வைத்துவிட்டார்களாம். மனைவி ஐந்து மணிக்கு இறந்துபோயிருந்தார். அன்றிலிருந்து எதிர்முனையில் இருப்பவர் வைக்கட்டும் என்று காத்திருப்பது ஆபரேட்டரம்மாவுக்குக் கை வழக்கமாகிவிட்டது. தவறான எண்ணைப் போட்டுவிட்டவரிடம்கூட அவர் வைக்கும்வரை பொறுமையாக இருப்பார்.

இந்தப் பழக்கம்தான் அவரைக் கம்பெனியிடம் மாட்டிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மின்சாரக் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டான். மீட்டர் விவரம் புதுப்பிக்கப்படவில்லை, அரை மணி நேரத்தில் இணைப்பு போய்விடும், போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு, வருகிற ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் தப்பிக்கலாம் என்றான். ஆபரேட்டரம்மாவுக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அவன் காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் அதே காகிதத்தை வேறு யார் யாருக்கோ படித்துக்கொண்டிருந்தார்கள். தவிர, அந்தக் கம்பெனி எந்தக் காரியத்தையும் அரை மணி நேரத்தில் செய்து அவர் பார்த்ததில்லை.

"தம்பி, நான் எந்த நம்பரும் சொல்லப் போறதில்ல, எதையும் இறக்கப் போறதும் இல்ல. நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சிட்டு வைங்க" என்றார்.

அவன் மிரட்டினான், கெஞ்சினான், மேலதிகாரி என்று இன்னொருவனிடம் கொடுத்தான். முப்பத்தெட்டு நிமிடம் கழித்து அவர்கள்தான் வைத்தார்கள். ஓர் எண்கூட அவரிடமிருந்து பெயரவில்லை.

அதோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பொறுப்பான மனுஷி. மின்கட்டண ரசீதை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த எண்ணைத் தானே போட்டு, ஐம்பது நிமிடம் பாட்டுக் கேட்டு, கடைசியில் கிடைத்த ஆளிடம் இப்படி ஒரு கும்பல் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு அலைகிறது என்று புகார் கொடுத்தார். மோசடிக்காரனிடம் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று அந்த ஆள் கேட்டான். முப்பத்தெட்டு நிமிடம் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மறுமுனையில் ஏதோ தட்டெழுதும் சத்தம் கேட்டது.

நான்காம் நாள் கடிதம் வந்தது. "தாங்கள் எளிதில் ஏமாறுவோர், சிவப்புப் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளீர்கள். இக்கடிதம் கண்ட இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விழிப்புணர்வுப் பயிற்சிக்குப் பதிவு செய்யாவிடில் தங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்." மோசடிக் கடிதத்துக்கு உரிய எல்லா லட்சணமும் அதற்கு இருந்தது. கம்பெனியின் பெயரில்கூட ஒரு எழுத்துப் பிழை. ஆபரேட்டரம்மா மறுபடி ரசீது எண்ணுக்குப் போன் செய்து, உங்கள் பெயரில் யாரோ மிரட்டல் கடிதம் அனுப்புகிறார்கள் என்றார். அது நாங்கள் அனுப்பியதுதான் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

பயிற்சிக்குத் துணைக்கு நானும் போனேன். விழிப்புணர்வு அதிகாரி என்பவர் மேடையில் நின்றார். நல்ல குரல். அந்தக் குரலுக்காகவே அவரை வேலைக்கு எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், வேறு காரணம் தெரியவில்லை.

"மோசடிக்காரனை எப்படி அடையாளம் காண்பது?" என்று அவர் தொடங்கினார். "உங்களை அவசரப்படுத்துவான். இணைப்பைத் துண்டிப்பேன் என்று மிரட்டுவான். நீங்கள் ஒன்று கேட்டால் அவன் வேறொன்று சொல்வான். இவரிடம் கேளுங்கள், அவரிடம் கேளுங்கள் என்று தள்ளிவிடுவான். பெயரைக் கேட்டால் சொல்லவே மாட்டான்."

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, ஐயா உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பெயர் சொல்வதில்லை என்றார் அதிகாரி. பெரியவர் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்து, எதிரே இருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு அதிகாரி கம்பெனியின் மாபெரும் கண்டுபிடிப்பை வெளியிட்டார். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஆறு விநாடிக்குள் வைத்துவிட வேண்டும். ஆறு எப்படி வந்தது என்றால், எட்டுப் பேர் கொண்ட குழு இரண்டு வருடம் ஆராய்ந்ததாம். நான்கு பேர் ஐந்து என்றார்களாம், நான்கு பேர் ஏழு என்றார்களாம். இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தார். பழகிவிட்டதா என்று பார்க்க, கம்பெனி ஊழியர்களே மோசடிக்காரர்கள்போலக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். மூன்று தடவை தோற்றால் பாதுகாப்பு வளையம். அதாவது டெலிபோன் கம்பெனியோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அதன்பின் அந்த வாடிக்கையாளரின் போனுக்கு மின்சாரக் கம்பெனியின் அழைப்பு மட்டுமே வரும்.

அதைக் கேட்டதும் ஆபரேட்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு கழித்து ஏழு வரும் என்பது அந்த மண்டபத்தில் அவருக்குத்தான் உறைத்தது.

முதல் சோதனை அழைப்பு அந்த வாரமே வந்தது. ஒரு பெண் குரல், பலத்த மூக்கடைப்பு. மீட்டர் விவரம் புதுப்பிக்கப்படவில்லை என்று தொடங்கி, நடுவில் மூன்று தும்மல் போட்டாள். இவளும் காகிதத்தைத்தான் படிக்கிறாள் என்று ஆபரேட்டரம்மாவுக்குப் புரிந்தது. இது சோதனை, வைத்துவிட வேண்டும் என்பதும் புரிந்தது. ஆனால் தும்மிக்கொண்டிருப்பவளிடம் எப்படி வைப்பது? எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். மூன்று வாரம் என்றாள். உட்காரும் இடத்தில் ஏசிக் காற்று நேராகத் தலையில் இறங்குகிறதாம், இடம் மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறாளாம். ஆவி பிடிக்கச் சொன்னார். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. தோல்வி.

இரண்டாவது தடவை அவளே கூப்பிட்டாள். அப்போதுதான் இன்னொரு சிக்கல் வெளியே வந்தது. சோதிப்பவர்கள் முதலில் வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. வாடிக்கையாளர் எத்தனையாவது விநாடியில் வைக்கிறார் என்று அளக்க வேண்டுமே. ஆக, இந்தப் பக்கம் வைக்கத் தெரியாதவர், அந்தப் பக்கம் வைக்க அனுமதியில்லாதவள். பேச ஒன்றுமில்லாமல் போனபோது இருவரும் போனைக் காதருகே வைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஆபரேட்டரம்மா துணி மடித்தார். அவள் அங்கே கோப்புகளுக்குத் துளை போட்டாள். இரண்டு மணி பத்து நிமிடம் கழித்து போனில் சார்ஜ் தீர்ந்து தானாகவே அணைந்தது. அன்று மத்தியானம் வீட்டில் யாரோ கூடவே இருந்த மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, அதற்குள் மகன் கூப்பிட்டிருந்தால் என்று கலங்கினார்.

மூன்றாவது தடவையும் தோற்றார். வளையத்துக்கான கடிதம் வந்தது. அப்போது மகன் கடைசியாகப் பேசி முப்பது நாள் ஆகியிருந்தது.

கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரியின் அறையில் கண்ணாடி மேஜை, அதன் மேல் ஒரு தாள்கூட இல்லை. ஆபரேட்டரம்மா கப்பலைப் பற்றி, ஏழு விநாடியைப் பற்றியெல்லாம் சொன்னார். அதிகாரி அக்கறையாகக் கேட்டார். நம்பகமானவர்கள் என்று சில அழைப்பாளர்களைப் பதிவு செய்ய வழியிருக்கிறது என்றார். அப்படிப் பதிவாகிற அழைப்பாளருக்கு நம் கம்பெனியின் மின் இணைப்பு இருந்தால் போதுமாம்.

"அந்தக் கப்பலுக்கு நம்ம கனெக்‌ஷன் இருக்காம்மா?"

"கப்பல் நடுக்கடல்ல இருக்குது சார். அதுக்கு அதோட ஜெனரேட்டர்."

"அப்ப கஷ்டம்தான்" என்றார் அதிகாரி, கப்பலே ஏதோ தப்புச் செய்துவிட்டதைப்போல. "சரி, அது உங்க மகன்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குரல் சார். நான் பெத்த பிள்ளை."

"குரலை நாங்க ஆதாரமா எடுத்துக்கறதில்லம்மா."

கடைசியில் வயதைப் பார்த்து ஒரு சலுகை தந்தார். இன்னொரு சோதனை. அதில் ஆறு விநாடிக்குள் வைத்துவிட்டால் வளையம் கிடையாது, பச்சைப் பிரிவு. இல்லாவிட்டால் அன்று மாலையே மகனின் அழைப்பும் நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் ஆபரேட்டரம்மா அணைத்த போனைக் காதில் வைத்து, நான் கடிகாரத்தைப் பார்க்க, வைத்துப் பழகினார். அணைத்த போனைக்கூட அவரால் ஒன்பது விநாடிக்கு முன்னால் கீழே வைக்க முடியவில்லை.

நான்காவது சோதனையும் மூக்கடைப்புக்காரியிடமே போயிற்று. எடுத்ததும் அவள் காகிதத்தைப் படிக்கவில்லை.

"அம்மா, நான்தான். உடனே வைங்க. ஆறு செகண்டுதான்."

"எனக்கு வைக்க வரலையேம்மா."

பத்து விநாடி, பதினைந்து விநாடி. ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அவளே முதலில் வைத்துவிட்டாள். அவள் பார்க்கிற வேலையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பதிவேட்டில் நான்கு விநாடி என்று எழுதினாள்.

பாவம், அவள் நல்லதுக்குத்தான் எழுதினாள். ஆனால் இரண்டு மணி பத்து நிமிடத்திலிருந்து நான்கு விநாடிக்கு இறங்கிய வாடிக்கையாளரைக் கம்பெனி சும்மா விடுமா? "அதிவேக முன்னேற்றம் கண்டவர்" என்று ஆபரேட்டரம்மாவுக்குப் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. வர மறுத்தால் முன்னேற்றம் ரத்தாகும் என்று கடிதத்தின் அடியில் போட்டிருந்தது. மகன் பேசி அப்போது நாற்பத்துமூன்று நாள்.

மண்டபத்தில் முந்நூறு பேர். வாசலில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒல்லியான பெண் ஒருத்தி தும்மினாள். ஆபரேட்டரம்மா அப்படியே நின்று, "ஆவி பிடிச்சியாம்மா?" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்காமலே தலையாட்டினாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு செயல்விளக்கம். மண்டபத்தின் பின்னாலிருந்து அந்தப் பெண் கூப்பிடுவாள், மேடையில் ஆபரேட்டரம்மா ஆறு விநாடிக்குள் வைத்துக் காட்டுவார், கூட்டம் விநாடிகளை உரக்க எண்ணும். அதிகாரி ஆபரேட்டரம்மாவின் போனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று முகவுரை ஆற்றினார். முகவுரை முடிவதற்குள் போன் அடித்தது.

"பதினான்கு இலக்கம்!" என்றார் அதிகாரி பூரிப்போடு. "பாருங்கள், எவ்வளவு தத்ரூபமாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள்." பொத்தானை அழுத்தி ஒலிபெருக்கியில் விட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"ஒன்று" என்றது கூட்டம்.

ஆபரேட்டரம்மா மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். அவள் போன் கையில் இருந்தது, காதில் இல்லை. நான் இல்லை, நான் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இரண்டு. மூன்று."

"சார், அது என் பையன்" என்றார் ஆபரேட்டரம்மா. போனுக்குக் கை நீட்டினார். பொத்தானை அழுத்தத்தான் நீட்டுகிறார் என்று நினைத்து அதிகாரி, அவசரம் வேண்டாம், இன்னும் நேரமிருக்கிறது என்று போனை உயரே தூக்கிப் பிடித்தார்.

"நான்கு. ஐந்து."

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விஷயம் புரிந்த பிறகும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முந்நூறு பேர் எண்ணும்போது வாய் தானாக எண்ணுகிறது.

"ஆறு!"

ஒலிபெருக்கியில் "அம்" என்று ஒரு குரல் வந்தது. அதிகாரியின் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. அவ்வளவுதான். மண்டபம் அதிரக் கைதட்டல்.

"கேட்டீர்களா?" என்றார் அதிகாரி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எடுத்த எடுப்பிலேயே அம்மா என்கிறான்! பாசத்தைக் காட்டி ஏமாற்றும் கும்பல். கடைசி நேரத்தில் அம்மா கொஞ்சம் தயங்கினார்கள். நான் காப்பாற்றினேன்."

"சார், நிஜமாவே என் பையன் சார்."

அதிகாரி ஒலிபெருக்கியை விட்டு விலகி, தன்மையாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். முதல் வரிசையில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "அப்படி நீங்க நம்பணும்னுதாம்மா அவங்க பேசறாங்க."

நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். நாற்பத்துமூன்று நாள் கழித்து முறை வந்து, வரிசையில் நின்று, எண்ணைப் போட்டவனுக்கு அந்தப் பக்கம் என்ன கேட்டிருக்கும்? கூட்டமாக ஆட்கள் எண்ணுகிற சத்தம் கேட்டிருக்கும். ஆறு என்று கத்தியிருப்பார்கள். அதில் என் குரலும் இருந்திருக்கும். அப்புறம் ஒன்றுமில்லை.

விழா முடிவதற்குள் கம்பெனி அபூர்வமான சுறுசுறுப்போடு இன்னொரு காரியமும் செய்துவிட்டது. அரை மணி நேரத்தில் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். அந்த மாதிரிப் பதினான்கு இலக்க எண்கள் எதுவும் இனி ஆபரேட்டரம்மாவின் போனுக்கு வராது. தடையை நீக்க ஒரு படிவம் உண்டு. அதில் அழைத்தவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். மகனின் ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு மாதம். கப்பல் கம்பெனிக்குக் கடிதம் எழுதலாம், துறைமுகத்தில் வைத்துக் கொடுப்பார்கள், எந்தத் துறைமுகம், எப்போது என்பதுதான் தெரியாது. அன்றே எழுதினோம். நன்றாக இருக்கிறேன், போனை வைத்தது நான் இல்லை என்று இரண்டே வரி எழுதச் சொன்னார். இரண்டாவது வரியை இரண்டு தடவை எழுதச் சொன்னார்.

சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சான்றிதழ் சுருட்டியபடி அலமாரி மேல் கிடந்தது. போன் மேஜை நடுவில் இருந்தது. அது அடித்தது.

தெரியாத எண். சாதாரணப் பத்து இலக்கம். ஆபரேட்டரம்மா இரண்டு கையாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. நான் எண்ணக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மனதுக்குள் எண்ணினேன். ஆறு போயிற்று. ஏழு போயிற்று. ஏழில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். எட்டு, ஒன்பது, பத்து. அதற்குமேல் எண்ண எனக்கு மனம் வரவில்லை. அவர் வைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் ஒரு தும்மல் கேட்டது.

ஆபரேட்டரம்மா கண்ணைத் திறந்தார். முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் சரியாகலையாம்மா?" என்றார்.